வெறும் செங்கல்தானே என்று சொல்லாதே

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கெய்ரோவிலிருந்து நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அஸ்ஹர் பள்ளிவாசலை வளைத்து வளைத்து எடுத்திருக்கிறாய், இப்னு தூலூன் பள்ளிவாசலுக்கு மட்டும் இரண்டு மூன்று படம், அதற்கும் கீழே "வெறும் செங்கல், பெரிய முற்றம், வேறு ஒன்றுமில்லை" என்று ஒரு குறிப்பு. செங்கல், சுண்ணாம்பு, சாரம் என்றே காலத்தை ஓட்டி உன்னைப் படிக்க வைத்தவனிடம் இப்படிச் சொல்லலாமா?

அந்தச் செங்கல்தான் விஷயமே. அஹ்மத் இப்னு தூலூன் ஒரு துருக்கிய அடிமையின் மகன், இராக்கில் சாமர்ரா நகரத்தில் வளர்ந்தவர், 868-இல் அப்பாஸிய கலீஃபாக்கள் சார்பில் எகிப்தை ஆள வந்து, கொஞ்ச காலத்திலேயே தனி ராஜாபோல ஆகிவிட்டார். 876-இல் தொடங்கி 879-இல் இந்தப் பள்ளியை முடித்தார். நகரமே எரிந்தாலும் நைல் வெள்ளத்தில் மூழ்கினாலும் இது நிற்க வேண்டும் என்றாராம். அதுவரை பழைய கட்டடங்களிலிருந்து பளிங்குத் தூண்களைப் பெயர்த்து வந்து நிறுத்துவதுதான் வழக்கம். இதற்கு 300 தூண் வேண்டும், தேவாலயங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றபோது அவருக்கு மனசு ஒப்பவில்லை. அப்போது சிறையில் கிடந்த ஒரு கிறிஸ்தவக் கட்டடக் கலைஞர், கிப்லா பக்கம், அதாவது மக்காவை நோக்கிய பக்கம், தவிர வேறெங்கும் தூணே இல்லாமல் கட்டித் தருகிறேன் என்று எழுதி அனுப்பினார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பளிங்கு தீயில் வெடித்துவிடும், சூளையில் வெந்த செங்கலுக்குத் தீ புதுசா என்ன?

உன் கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார். கனத்த செவ்வகத் தூண், அதன் நாலு மூலையிலும் ஒல்லியாக உருண்டைத் தூண் மாதிரி தெரிகிறதா? அது தனித் தூண் இல்லை, செங்கலையே அப்படி வளைத்துக் கட்டி மேலே சுதை பூசியது, தலைப்பகுதியில் இலைக் கொடி வேலையும் சுதைதான். பக்கத்துப் பக்கத்து வளைவுகளுக்கு நடுவே மேலே சின்ன ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு இருக்கிறது பார், அழகும் ஆச்சு, தூணுக்குப் பாரமும் குறைஞ்சாச்சு. கூர்முனை வளைவு ஐரோப்பாவில் கோதிக் தேவாலயங்களுக்கு வருவதற்கு 200 வருஷத்துக்கும் முந்தைய வேலை இது.

அப்புறம் வெளியே படி சுற்றிக்கொண்டு போகும் அந்த மினாரா கோபுரம். இப்னு தூலூன் ஏதோ யோசனையில் காகிதத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார், அதையே வரைபடம் என்று சொல்லிச் சமாளித்தார் என்று ஒரு கதை உண்டு. எனக்கு நம்பிக்கையில்லை. சாமர்ராவின் சுருள் மினாராவைப் பார்த்து வளர்ந்தவருக்குக் காகிதம் எதற்கு?

905-இல் அப்பாஸியப் படை வந்து அவர் கட்டிய அல்-கதாயிஃ நகரத்தைத் தரைமட்டமாக்கியது. பள்ளியை மட்டும் விட்டார்கள். பிறகு அதுவும் பாழடைந்து கிடந்தது. 1293-இல் எகிப்து சுல்தான் கலீல் கொலையில் பங்குள்ள லாஜீன் என்ற அமீர் (படைத்தலைவர்) அந்தப் பாழிலேதான் ஒளிந்திருந்தார், பிழைத்தால் பழுது பார்க்கிறேன் என்று நேர்ந்துகொண்டாராம். 1296-இல் அவரே சுல்தானாகி, சொன்னபடி செய்தார். முற்றத்து நடுவில் நீ பார்த்த குவிமாடமும், உள்ளே இமாம் உரை நிகழ்த்தும் மிம்பர் மேடையும் அவர் காலத்தவை.

லீவு நாளில் மறுபடி போ. வளைவுகளின் அடிப்பக்கத்தில் இருக்கும் சுதை வேலையையும் ஜன்னல் சல்லடைகளையும் கிட்டப் போய் எடுத்து அனுப்பு, மொத்தம் 128 ஜன்னல், முடிந்தவரை எடு. அம்மா சலாம் சொன்னாள், ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னாள்.

அத்தா