படகுக்குப் புது டெக்கு போட்டாச்சு

எண்ணூர், சென்னை

அன்பு மகனுக்கு,

நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. போனில் பேச ஆரம்பித்தால் அதற்குள் உனக்கு ஷிப்ட் நேரம் வந்துவிடுகிறது, சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கச்சி இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள்.

நம் சின்னப் படகின் டெக்கை, அதாவது மேல்தளப் பலகையை, மாற்றியாகிவிட்டது. "மேலேயே ஒரு ஷீட் போட்டு ஒட்டிவிடு நைனா, இல்லாவிட்டால் புதுப் படகுக்குப் பணம் அனுப்புகிறேன்" என்று சொன்னாய். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் படகின் உடம்பு நன்றாக இருக்கிறது, பைபரில் ஒரு விரிசல் கிடையாது. கெட்டது மேலே இருக்கும் ப்ளைவுட் மட்டும்தான். மேலே ஷீட் ஒட்டினால் என்ன ஆகும் என்று பழைய பலகையைப் பெயர்த்த அன்று கண்ணால் பார்த்துவிட்டேன். அதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

படகின் முன்பக்கம், அணியத்தில், கயிறு கட்டும் கொம்புக்குப் பக்கத்தில் மிதித்தால் பலகை லேசாக அமுங்கியது. மேலே பெயிண்ட் பளபளவென்றுதான் இருந்தது. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் 'டக் டக்' என்றது, கெட்ட இடத்தில் சத்தம் அடைத்தது. எங்கெல்லாம் அடைத்ததோ அங்கெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டேன். திறந்து பார்த்தால் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு முழத்துக்கு மேல் உளுத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் கை அழுத்தமே இல்லாமல் உள்ளே போனது. அடுக்கு அடுக்காக இருக்க வேண்டிய ப்ளைவுட், ஊறின ரஸ்க் மாதிரி விரலிலேயே வந்தது. மீன் பெட்டி மூடிக்காக வெட்டிய ஓரமும் அப்படித்தான்.

இந்தத் தண்ணீர் கடலிலிருந்து வந்ததில்லை. மழைத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் பூஞ்சை சுலபமாக வளராது. நல்ல தண்ணீர் தேங்கி, காற்றுப் படாமல் இருந்தால்தான் மரம் உளுக்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்துவிட்டால் பூஞ்சைக்கு வேலையே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும், அதோடு முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயும் உனக்கு நினைவிருக்கும். தொழிலே இல்லாமல் படகு கரையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது அப்போதுதான். கொம்பின் போல்ட் ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் பலகைக்குள்ளேயே தங்கிவிட்டது. இதற்கு மேல் புது ஷீட்டை ஒட்டியிருந்தால் அந்த ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டின கதைதான். புதுப் பலகையும் கீழிருந்து கெட ஆரம்பிக்கும். மேலே நின்று வலை இழுக்கிறவன் உன் தம்பி. அவன் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவனைக் கடலுக்கு அனுப்ப எனக்கு மனசு வராது.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை காசிமேட்டில் எல்லாப் படகும் கரையேறி நிற்கும், ஆசாரிகள் யாருக்கும் நிமிர நேரம் இருக்காது. சரி, நாமே செய்வோம் என்று தம்பியும் நானும் இறங்கினோம். கட்டிங் மிஷினில் பிளேடின் ஆழத்தைப் பலகை கனத்துக்கு, அதாவது 12 மில்லிமீட்டருக்கு வைத்துத்தான் அறுத்தோம். அதைத் தாண்டினால் கீழே இருக்கும் குறுக்குச் சட்டம் வெட்டுப்படும். பழைய பலகையைத் துண்டு துண்டாக்காமல் முடிந்தவரை முழுசாக எடுத்து வைத்தோம். புதுசு வெட்ட அதுதான் அச்சு. சட்டங்களில் ஒன்றுக்கு மட்டும் முனை மெத்தென்று இருந்தது. கெட்டதைச் செதுக்கி எறிந்துவிட்டுப் பக்கத்தில் வெண்தேக்கில் ஒட்டுச்சட்டம் கொடுத்தோம். அப்புறம் எல்லாவற்றையும் திறந்தபடி கத்திரி வெயிலில் காயவிட்டோம். பகலில் வெயில், சாயங்காலம் மழை வருகிற மாதிரி இருந்தால் மேலே தார்ப்பாய், ஆனால் பக்கவாட்டில் காற்றுப் போக இடம் விட்டு. அவசரப்படாமல் காயவிட்டதுதான் இதில் பெரிய வேலை என்பேன்.

ப்ளைவுட் வாங்க வால்டாக்ஸ் ரோடு போனேன். கடையில் எதைக் கேட்டாலும் "வாட்டர்ப்ரூஃப்தான் அண்ணே" என்று எடுத்துப் போடுகிறார்கள். நமக்கு வேண்டியது பலகையில் ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கும் மெரைன் ப்ளைவுட். அந்தத் தரத்துக்குச் சோதிக்கும்போது 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் போட்டும் அடுக்குப் பிரியக் கூடாது. எம்.ஆர். என்று போட்டிருப்பது ஓரளவு ஈரம் மட்டும் தாங்கும், அது வீட்டு அலமாரிக்கு. முத்திரையை மட்டும் நம்பாமல் ஓரத்தைப் பார்த்தேன். நடு அடுக்கில் இடைவெளி இருந்தால் அதுதான் தண்ணீர் ஓடும் வாய்க்கால். ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்து அம்மாவின் பழைய குண்டானில் பகல் முழுக்கக் கொதிக்க வைத்தேன். அம்மா திட்டினாள், திட்டட்டும். எடுத்து உளியை வைத்துப் பிரித்துப் பார்த்தேன், அடுக்கு விடவில்லை. அதற்கப்புறம்தான் முழு ஷீட்டுக்குப் பணம் கொடுத்தேன்.

பிசினுக்கும் கொஞ்சம் செலவு கூடத்தான். பைபர் படகில் ஓட்டை அடைக்கிற பாலியெஸ்டர் ரெசின் பைபரில் நன்றாகப் பிடிக்கும், மரத்தில் நாளாக ஆகப் பிடி விட்டுவிடும். மரத்துக்கு எபாக்சிதான், இரண்டு திரவத்தைக் கலந்து இறுகவைக்கும் பிசின். ஒன்று தெரிந்துகொண்டேன்: நம் ஊர் வெயிலில் காலையில் பூசினால், சூடு ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழ் குமிழாக வருகிறது. வெயில் இறங்குகிற நேரத்தில் பூசினால் காற்று சுருங்கி, பிசினை மரமே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் சாயங்காலம்தான் பூசினோம். கலக்கும்போதும் மக்கில் வைக்காமல் அகலமான தட்டில் ஊற்ற வேண்டும். மக்கில் இருந்தால் சூடு கூடி, புகைந்து, கையிலேயே கல்லாகிவிடும்.

பலகையைப் பொருத்துவதற்கு முன்பே அடிப்பக்கம், ஓரம் எல்லாவற்றுக்கும் எபாக்சி கொடுத்தாகிவிட்டது. ஓரத்துக்கு மட்டும் குடிக்கக் குடிக்கக் கொடுத்தோம், ப்ளைவுட் தண்ணீரை உறிஞ்சுவது அங்கேதான். ஒரு பூச்சு காய்ந்ததும் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு படிந்திருக்கும். அதை வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அடுத்தது, இல்லாவிட்டால் ஒட்டாது. ஷீட் நீளம் பத்தாத இடத்தில் ஒட்டுப் போட்டோம். கனத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்கு, 12 மில்லிமீட்டர் பலகைக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர், இரண்டு ஓரத்தையும் சரிவாக இழைத்து ஒன்றின் மேல் ஒன்று உட்கார வைத்து ஒட்டினோம். தம்பி இழைத்ததுதான். கை வைத்துத் தடவினால் எங்கே ஒட்டு என்று தெரியாது. நீ வந்தால் பார்.

கொம்பு போல்ட்டுக்கு வேண்டியதை விடப் பெரிய ஓட்டை போட்டு, அதை எபாக்சியால் அடைத்து, இறுகினதும் நடுவில் மறுபடி சின்ன ஓட்டை போட்டோம். இனி போல்ட்டைச் சுற்றி இருப்பது மரம் இல்லை, பிசின். தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. ஸ்க்ரூவும் போல்ட்டும் லிங்கிச்செட்டித் தெருவில் உப்புக்காற்றைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே வாங்கினேன். இதற்கெல்லாம் மேலே கண்ணாடி இழைத் துணி ஒரு அடுக்கு, வெயிலில் எபாக்சி கெடாமல் இருக்க பெயிண்ட். ஈர பெயிண்ட் மேல் சலித்த மணலைத் தூவியிருக்கிறோம், கால் வழுக்காது. டெக்குக்கு அடியில் முன்னும் பின்னும் காற்றோட்டத்துக்குத் துளையும், தண்ணீர் வடிய வழியும் விட்டிருக்கிறோம்.

நீ அனுப்பிய பணத்தில் பாதிகூடச் செலவாகவில்லை. மீதியை அம்மா பேங்கில் போட்டிருக்கிறாள். அது உன் பணம், உன் கல்யாணத்துக்கு இருக்கட்டும். படகுக்காக அனுப்புகிறேன் என்று ஓவர்டைம் பார்க்காதே. போன தடவை வீடியோவில் பார்த்தபோது கண் உள்ளே போயிருந்தது, அம்மா அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு, வெல்டிங் செய்யும்போது கண்ணாடியைக் கழற்றாதே.

அப்புறம் ஒரு விஷயம் எனக்குக் கேட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் யார்டில் பெரிய போட்டுகளின் டெக்கில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி எதைப் பூசுகிறார்கள், எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்க்கிறார்கள்? தெரிந்தால் அடுத்து பின்பக்கம், அமரத்தில் இருக்கும் இருக்கைக்கும் அப்படியே செய்துவிடுவேன்.

அன்புடன்,
நைனா