அட்டையில் நம் முகம்: ஞாயிறு காலை 10 மணி

அனைவருக்கும் வணக்கம். இந்த வாரம் பிள்ளைகள் பழைய அட்டைப் பெட்டியில் தங்கள் முகத்தையே செய்யப்போகிறார்கள். இடம், நாம் வழக்கமாகக் கூடும் கும்பகோணம் மாடிதான்.

அட்டையின் மேல்தாளை லேசாக நனைத்து உரித்தால் உள்ளே வரிவரியான நெளிவு தெரியும். வாரிய தலைமுடிக்கு அது அருமையாகப் பொருந்தும். மூக்கை அந்த வரிகளின் போக்கிலேயே மடிக்க வேண்டும், குறுக்கே மடித்தால் நசுங்கிவிடும். புருவத்தையும் உதட்டையும் துண்டுமேல் துண்டு ஒட்டி உயர்த்தலாம். தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணப் பசையால் நகைகளைப் புடைப்பாக எழுப்புகிறார்களே, அந்த முறைதான். பிக்காசோவும் 1912இல் அட்டையையும் நூலையும் கொண்டு ஒரு கித்தார் செய்திருக்கிறார்.

தேங்காய் நார், வாழைநார், கிழிந்த சாக்கு, பழைய பொத்தான், கழுவிய பால் கவர், எது கிடைத்தாலும் கொடுத்தனுப்புங்கள். கைக்கண்ணாடி அவசியம், கைப்பேசிப் படம் வேண்டாம், பிள்ளை தன் முகத்தை நேராகப் பார்த்துச் செய்யட்டும். தோலுக்கு ரோஸ் வண்ணம் பூசச் சொல்லாதீர்கள். அட்டையின் பழுப்பு நம் பிள்ளைகளுக்கு எத்தனை அழகு!

மைதாப் பசை நாங்கள் காய்ச்சி வைக்கிறோம். கத்தியால் வெட்டிக் கொடுக்கப் பெரியவர்கள் சிலர் தேவை. வர முடிந்தவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் இங்கே தெரிவியுங்கள்.