அக்காவுக்கு, நம்ம நெட்டையன் விஷயமா

நோபிள் பார்க், மெல்போர்ன்
ஞாயித்துக்கிழமை ராத்திரி

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கைப்பட எழுதி மருமவன் போட்டோ பிடிச்சு அனுப்பின லெட்டர் வந்து பதினாறு நாள் ஆச்சு. மூணு தடவை படிச்சுட்டேன். பதில் போடணும் போடணும்னு நெனச்சே நாள் ஓடிருச்சு. சித்திரைக்கு அப்புறம் நான் ஒரு வரி கூட எழுதலன்னு அம்மா வருத்தப்பட்டாங்கன்னு எழுதியிருந்த, அது என் தப்புதான்க்கா. போன்ல பேசினா சாப்டியா, குளிரா, சரி வச்சிரவான்னு முடிஞ்சிருது, மனசுல இருக்கிறது ஒண்ணும் வெளிய வர்றதில்ல.

குளிர் இந்த வருஷம் ஜாஸ்தி. நேத்து காலைல நாலு டிகிரி, கிரவுண்டுல புல்லு மேல பனி உறைஞ்சு வெள்ளை வெளேர்னு கிடந்துச்சு, நம்ம உப்பளத்தை விடியக்காலைல பாத்தா எப்படி இருக்கும், அப்படியே இருந்துச்சு. நான் நல்லா இருக்கேன். கோயமுத்தூர் பையன் பிரிஸ்பேன் போயிட்டான், யாழ்ப்பாணத்து அண்ணன் கல்யாணமாகி தனி வீடு போயிட்டாரு, அதனால வீடு அமைதியா இருக்கு, ஒரு சட்டி ரசம் வச்சா மூணு நாளைக்கு வருது. காரை வித்துட்டேன், நடக்குறது உடம்புக்கு நல்லதுதான. வேலையில இப்ப ஷிஃப்ட் கொஞ்சம் கம்மி, அதுவும் ரெஸ்ட்டுக்கு நல்லது, அம்மாட்ட இதெல்லாம் பெருசா சொல்லாத.

சரி, மருமவன் விஷயத்துக்கு வாரேன். பதினஞ்சு வயசுல ஆறடி ரெண்டங்குலம், வாலிபால் ஹாஸ்டல் செலக்‌ஷன்ல "உயரம் மட்டும்தான் இருக்கு, உடம்பு வளையல"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, முட்டிக்குக் கீழ புடைச்சு வலிக்குது, அத்தான் விளையாட்டை விட்டுட்டு ஐடிஐ-ல சேருன்னு சத்தம் போடுதாவன்னு எழுதியிருந்த. இதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு வேற நெனப்பே இல்ல, ஏன்னா இங்க நாலு மாசமா நான் பாக்குறதே இந்த மாதிரி நெட்டைப் பயலுவளைத்தான்.

பக்கத்து வீட்டு கிரீக் தாத்தாவைப் பத்தி போன்ல சொன்னேன்ல, நாலு டிகிரிலயும் அரை டவுசரோட நிப்பாரு, எலுமிச்சம்பழத்தைப் பை பையா வேலி வழியா நீட்டுவாரு, அவரேதான். சின்ன வயசுல கப்பல்ல இந்த ஊருக்கு வந்தவரு, வாலிபத்துல இங்கத்த ஃபூட்டி ஆடியிருக்காரு, ரெண்டு முட்டியும் இப்ப செயற்கை முட்டி. ஃபூட்டின்னா ஆஸ்திரேலியன் ரூல்ஸ், முட்டை மாதிரி பந்து, ஒரு பக்கம் பதினெட்டு பேர், கோல் போட்டா ஆறு பாயிண்ட், நம்ம ஊரு ஃபுட்பால் இல்ல. எங்க ஏரியா கிளப்புல பதினாறு வயசுக்கு உட்பட்ட பசங்கள்ல உயரமானவங்களைப் பழக்குறது இந்தத் தாத்தாதான். மார்ச் மாசம் ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போனாரு, இப்ப நான்தான் அந்த டீமுக்குத் தண்ணி கொண்டு ஓடுறவன், ஆரஞ்சுப் பழத்தை நாலா வெட்டி ஐஸ்கிரீம் டப்பால அடுக்கி வைக்குறதும் நான்தான். மேட்ச் முடிஞ்சதும் ரொட்டில சாஸேஜும் வதக்கின வெங்காயமும் வச்சுத் தருவாங்க, அன்னிக்கு மத்தியானச் சாப்பாடு அதோட முடிஞ்சிரும்.

அவரு பசங்களை எடுக்குற விதத்தைக் கேளு. உயரத்தை மட்டும் பாக்க மாட்டாரு. நிக்க வச்சு அளப்பாரு, அப்புறம் ஸ்டூல்ல உக்கார வச்சு தலை வரைக்கும் அளப்பாரு. கால்தான் முதல்ல நீளுமாம், முதுகு பின்னாடிதான் வளருமாம், அதனால உக்காந்த உயரம் தெரிஞ்சா இன்னும் வளர்ச்சி எவ்வளவு பாக்கி இருக்குன்னு ஒரு கணக்கு கிடைக்கும். அம்மா அப்பா உயரம் கேப்பாரு, கையை விரிக்கச் சொல்லிப் பாப்பாரு. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு பாப்பாரு, மேல எம்பிப் பந்தைப் பிடிக்க முடியாம கீழ விழுந்தவன் மண்ணைத் தட்டிட்டு நிக்கானா, இல்ல திரும்ப எந்திரிச்சு அந்தப் பந்துக்குப் பின்னாடியே ஓடுதானான்னு. ஓடுறவனைத்தான் எடுப்பாரு, ரெண்டு இஞ்ச் குறைஞ்சாலும் பரவால்லன்னு. பதினெட்டு பேர்ல நெட்டையனுக்கு இடம் கம்மிதான், முன்னால ரெண்டு மூணு, பின்னால ரெண்டு மூணு, நடுவுல பந்தை மேல போடும்போது எம்பித் தட்டி விடுறதுக்கு ரக்னு ஒருத்தன். மழை பெஞ்சு பந்து வழுக்கினா குட்டையான பயலுவதான் ராஜா. அதனால நெட்டையனும் குனிஞ்சு தரையில பந்தைப் பொறுக்கப் பழகணும்னு தினமும் அதையே செய்ய வைக்காரு.

எலுமிச்சை மரத்துல ஒரு பழைய சாக்ஸுக்குள்ள பந்தைப் போட்டுக் கட்டித் தொங்க விட்டிருக்காரு. பயலுவ வந்து இடது கையால ஒரு தட்டு, வலது கையால ஒரு தட்டு. ஆனா எண்ணித்தான் குதிக்கணும், ஒரு நாளைக்கு இத்தனைதான், அதுக்கு மேல ஒண்ணு குதிச்சாலும் வீட்டுக்குப் போன்னு விரட்டிருவாரு. முட்டிக்குக் கீழ புடைச்சு வலிக்கிறவங்க இங்கயும் மூணு பேர் இருக்காங்கக்கா. எலும்பு முந்தி வளருது, தசையும் தசைநாரும் பின்தங்கிப் போயி அந்த இளசான எலும்பைப் பிடிச்சு இழுக்குது, அதான் வலி, வளர்ச்சி நின்னா பெரும்பாலும் தானா அடங்கிரும்னு இங்க பிசியோ சொல்லுதாங்க. அதுவரைக்கும் ஓட்டத்தையும் குதிக்கிறதையும் குறைக்கணும், தொடைத் தசையை நீட்டிப் பழக்கணும். நீ ஒரு தடவை எலும்பு டாக்டர்ட்ட காட்டிரு, எண்ணெய் போட்டு அமுக்கி நீவ மட்டும் விடாத.

பெரிய லீக்குலயும் இதே கதைதான். மெல்போர்ன் டீம்ல மேக்ஸ் கான்னு ஒருத்தர், 208 சென்டிமீட்டர், நம்ம வீட்டு நிலைப்படில முட்டிக்காம நுழையவே முடியாது. 2009 டிராஃப்ட்ல, அதாவது கிளப்புங்க முறை வச்சுப் புதுப் பசங்களை எடுக்குற தேர்வுல, 34ஆவதாத்தான் எடுத்தாங்க, ரெண்டு தடவை முட்டி லிகமெண்ட் போச்சு, பல வருஷம் எல்லாரும் காத்திருந்தாங்க. 2021ல அவரு கேப்டனா நின்னு கப்பை வாங்கிக் குடுத்தாரு, 1964க்கு அப்புறம் அந்த டீமுக்கு அதான் முதல் கப். தாத்தாவோட டீம் கார்ல்டன், அதுல 2015ல ஒரே டிராஃப்ட்ல மூணு நெட்டையங்க, முதல் ஆளா வெய்டரிங், 10ஆவது ஹாரி மெக்கே, 12ஆவது சார்லி கர்னோ. மெக்கே முதல் வருஷம் ஒரு சீனியர் மேட்ச் கூட ஆடல, ஆனா 2021ல லீக்லயே அதிக கோல் அவருதான். கர்னோவுக்கு முட்டி போயி 2020 முழுக்க வெளிய உக்காந்திருந்தாரு, 2022லயும் 2023லயும் அதிக கோல் அவரு. உக்காந்திருந்த அந்த வருஷங்கள்ல இவன் லாயக்கில்லன்னு வீட்டுக்கு அனுப்பியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசி.

இன்னொண்ணும் தாத்தா சொன்னாரு, குரலைத் தாழ்த்திக்கிட்டு சொன்னாரு. டாம் பாய்டுன்னு ஒரு பையன், 200 சென்டிமீட்டர், 2013 டிராஃப்ட்ல முதல் ஆளு, 2016 ஃபைனல்ல பிரமாதமா ஆடி கப்பு ஜெயிச்சான், ஆனா மனசு ரொம்பக் கஷ்டப்பட்டு 23 வயசுலயே ஆட்டத்தை விட்டுட்டான். உடம்பு பெருசா இருந்தா மனசும் பெருசா ஆயிருச்சுன்னு நெனச்சு எல்லாத்தையும் அவன் தோள்ல ஏத்திருதாங்கன்னு சொல்லி தாத்தா ரொம்ப வருத்தப்பட்டாரு. மருமவனும் பாக்கத்தான் ஆளு மாதிரி, உள்ள இன்னும் சின்னப் பயதான்க்கா. அத்தான்கிட்ட இதைப் பக்குவமா சொல்லு.

எங்க டீம்ல ஒரு சூடான் பையன் இருக்கான். பதினாறு வயசு, 198 சென்டிமீட்டர், ஒல்லின்னா அப்படி ஒரு ஒல்லி. ரெண்டு வருஷம் முன்னாடி அவனை ஒரு டீம்ல வேண்டாம்னுட்டாங்களாம், காலு ரெண்டும் பின்னிக்கிடுதுன்னு. நேத்து மேட்ச்ல கடைசிக் கால்பங்கு ஆட்டத்துல மூணு பேர் தலைக்கு மேல கை போயி பந்தைப் பிடிச்சான், நான் தண்ணி பாட்டிலைக் கீழ போட்டுட்டு "மாப்ள"ன்னு தமிழ்ல கத்திட்டேன், பக்கத்துல நின்ன அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

சாயங்காலம் தாத்தா வீட்டுல அவன் உயரத்தை கராஜ் கதவுல சாக்பீஸால கோடு போட்டாரு. அந்தக் கதவு பூரா கோடுதான், முப்பது வருஷக் கோடு. அப்பா நம்ம பழைய வீட்டு நிலைப்படில கார்பென்டர் பென்சிலால நம்மளை ஒவ்வொரு பொங்கலுக்கும் அளந்தது ஞாபகம் வந்துருச்சு. உன் கோடு ஒரு பக்கம், என் கோடு ஒரு பக்கம், கடைசில மருமவன் கோடு, அப்ப அவனுக்கு மூணு வயசு, அடுத்த பொங்கலுக்கு அப்பா இல்ல. எனக்கு அங்க நிக்க முடியல, தலைவலின்னு சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து லைட்டைக் கூடப் போடாம உக்காந்திருந்தேன். பேச ஆளு இருந்தா நல்லா இருந்திருக்கும். விடு, அதை விட்டுத்தள்ளு.

பழைய வீட்டை இடிக்கணும்னு சித்தப்பா வீட்டுல சொல்லுதாங்கன்னு எழுதியிருந்தல்ல, இடிக்கட்டும், பங்கும் அவங்க சொல்ற மாதிரியே இருக்கட்டும், அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. அந்த நிலைப்படி மட்டும் நமக்கு வேணும். ஆசாரியைக் கூப்பிட்டு முழுசா கழட்டி மேலத்தெரு ஆச்சி வீட்டுத் திண்ணையில சாத்தி வை, மழை படாம பாத்துக்கோ, வார்னிஷ் கீர்னிஷ் எவனும் அடிச்சிரக் கூடாது. பவர் பத்திரத்துக்கு நான் இங்க கான்சுலேட்டுல கையெழுத்துப் போட்டு அனுப்பணும், வாசகத்தை வக்கீல்ட்ட டைப் அடிச்சு வாங்கி அனுப்பு. சீட்டுப் பணம் இந்த மாசம் கொஞ்சம் லேட்டாகும், ஆவணில ரெண்டு மாசத்தையும் சேத்து அனுப்பிருதேன், சீட்டு பிடிக்கிற மாமாட்ட நானே பேசுதேன், நீ வளையலை எங்கயும் கொண்டு போயி வைக்காத. அம்மாவுக்கு சுகர் மாத்திரை மாத்தினாங்களா இல்லையா, அதை எழுதவே இல்லையே நீ.

மருமவனை ஐடிஐ-ல சேக்கணும்னா சேரட்டும், அது வேற, விளையாட்டு வேற. சாயங்காலம் கிரவுண்டுக்குப் போகட்டும், ஹாஸ்டல்ல அடுத்த வருஷமும் ஆள் எடுக்கத்தான் செய்வாங்க. இப்ப நீ செய்ய வேண்டியது, துணி தைக்கிற இஞ்ச் டேப்பை எடுத்து நிக்க வச்சு ஒரு அளவு, ஸ்டூல்ல உக்கார வச்சு ஒரு அளவு, ஸ்டூலோட உயரம் தனியா ஒரு அளவு, மூணையும் எழுதி அனுப்பு. பிறந்த தேதியும் போடு. தாத்தா கேட்டிருக்காரு.

இப்படிக்கு,
உன் தம்பி