மேசை இல்லாத பூச்சாடி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நலம்; நலமறிய ஆவல். இடக்கண்ணில் புரை நீக்கி மூன்று வாரம் ஆகிறது. இத்தனை ஆண்டுகளாக நீலம் என்று நான் எண்ணியிருந்தது, மஞ்சளடித்துப் போன விழிவில்லை வழியே வந்த ஒரு சாம்பல் நிறம்தான் என்பது இப்போது புரிகிறது. படிக்க அனுமதி கிடைத்ததும் பிரெஞ்சு ஓவியர் ஓதிலோன் ரெதோனின் ஓவியத் தொகுப்பை எடுத்து, 'பெரும் பூங்கொத்து' இருக்கும் பக்கத்தை விரித்தேன். அந்த நீலச் சாடியை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாற்றி மாற்றிப் பார்த்ததில், காலைக் காப்பி ஆறிப்போயிற்று.

ரெதோனின் பூக்கள் விருந்தினர் கண்ணுக்கு இதமாகத் தீட்டப்பட்டவை, கண்ணுக்குத் தெரியாததைக் குறிப்பால் உணர்த்தும் குறியீட்டியத்தில் அவற்றைச் சேர்ப்பது வெறும் மரியாதைக்காக என்று சென்ற கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பாதி உண்மை. இந்தப் படமே ஒரு சாப்பாட்டு அறைக்காக வரையப்பட்டதுதான். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் இருந்த தொமெசி பிரபு தம் மாளிகைக்காகக் கேட்க, 1901இல் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரத்துக்குப் பாஸ்டல் என்னும் வண்ணப்பொடிக் குச்சிகளால் ரெதோன் தீட்டிக் கொடுத்தார். மாளிகையிலேயே நெடுங்காலம் இருந்த அது இப்போது டோக்கியோவில், மிட்சுபிஷி இச்சிகோகான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் அந்தச் சாடி எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். மேசை விளிம்பென்று ஒரு கோடுகூட இல்லை. வெளிறிய வெளியில் அப்படியே நிற்கிறது. பூக்களில் சிலவற்றுக்குப் பெயர் சொல்லிவிடலாம். சில எந்தத் தோட்டத்திலும் பூக்காதவை. பிரெஞ்சு நகரமான போர்தோவில் இளமையில் ரெதோனுக்கு நண்பராக வாய்த்த தாவரவியலாளர் அர்மான் கிளாவோ, செடிக்கும் விலங்குக்கும் இடைப்பட்ட நுண்ணுயிர்களை ஆராய்ந்தவர். இந்தப் பூக்களில் சில நம்மைத் திரும்பிப் பார்ப்பது போலத் தோன்றுவதற்கு அந்த நட்பே காரணம் என்பது என் ஊகம்.

ஐம்பது வயதை நெருங்கும் வரை ரெதோன் பெரும்பாலும் கரியிலும் கல்லச்சிலுமே உழைத்தவர். 'கருப்புகள்' என்றே அவற்றை அழைத்தார். மகிழ்ச்சி வந்ததும் இருட்டை விட்டு வண்ணத்துக்குத் தாவினார் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாஸ்டலும் கரியைப் போலப் பொடிதான். கோலமாவைப் போல விரல் பட்டால் கலைந்துவிடும். கரிப்பொடியைத் தேய்த்துத் தேய்த்து இருளுக்குள்ளிருந்து முகங்களை எழுப்பிய அதே விரல்தான் இங்கே இதழ்களை எழுப்புகிறது.

இன்னும் ஐயமிருந்தால் இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள 'பூக்களிடையே ஒபீலியா'வை எண்ணிப் பாருங்கள்; ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் நீரில் மூழ்கி இறப்பவள் அவள். அந்தப் படம் முதலில் பூச்சாடிப் படமாகத்தான் தொடங்கியது. பாதியில் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, அந்தப் பூக்களுக்கு அருகே நீரில் மிதக்கும் பெண்ணை வரைந்தார். வரவேற்பறைக்கான பூங்கொத்து ஒன்றைப் படுக்கவைத்தால் இறந்த பெண் தெரிகிறாள் என்றால், நிமிர்ந்து நிற்கும் மற்றச் சாடிகளை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

வலக்கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அதன்பின் அந்தப் பழைய சாம்பல் நீலம் எனக்குப் பார்க்கக் கிடைக்காது. அதற்குள் ஒரு நடை வந்து போங்கள். புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்