சால்வை போர்த்தியது இருக்கட்டும், பஸ் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மகளிர் தினத்தன்று எங்கள் பகுதிக் கல்லூரியின் மாணவர் பேரவைத் தலைவிக்குச் சால்வை போர்த்திய படம் உங்கள் பேப்பரில் வந்திருந்தது. கீழே "பெண்களுக்கான சேவைக்குப் பாராட்டு" என்று ஒரே ஒரு வரி. என்ன சேவை என்று யாரும் கேட்கவில்லை போல. என் மகளும் அந்தக் கல்லூரியில்தான் படிக்கிறாள், அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நாங்கள் அஞ்செட்டியைத் தாண்டி உள்ளே இருக்கிறவர்கள். போன வருடம் எங்கள் தெருவில் பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது இந்தப் பேரவைத் தலைவி வந்து, கேழ்வரகு காயப்போட்டிருந்த களத்தில் அந்த வீட்டு ஆயாவோடு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடவில்லை. 2006ஆம் வருடத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி கட்டுகிறவனுக்கு மட்டுமல்ல, கட்டிவைக்கிறவர்களுக்கும் 2 வருடம் வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சொல்லி, குழந்தைகள் உதவிக்கான 1098 நம்பரை அந்தப் பெண்ணின் நோட்டில் எழுதிக் கொடுத்தாள். ஆயா கேட்டது ஒரே கேள்விதான்: "படிக்க அனுப்பினா இருட்டினப்புறம் வரா, யானை வர ரோடு, ஒண்ணு ஆச்சுன்னா நீ வருவியா?"

பேச்சு அன்றைக்கு நின்றது. ஆனால் அந்தக் கேள்வியை அவள் விடவில்லை. மலைப்பக்கத்திலிருந்து வரும் மாணவிகள் ஒவ்வொருவரிடமும் எத்தனை மணிக்கு வீடு சேருகிறீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதியிருக்கிறாள். கடைசி வகுப்பை முடித்து வந்தால் தேன்கனிக்கோட்டையில் எங்கள் பக்கத்து பஸ் போயிருக்கும், அடுத்தது இருட்டித்தான். அதனால் பாதிப் பேர் கடைசி வகுப்பை விட்டு ஓடிவருகிறார்கள், வருகைப் பதிவு குறைகிறது, குறைந்தால் பரீட்சை எழுத விடுவதில்லை, அப்புறம் என்ன, கல்யாணம். ஓடிவர முடியாதவர்கள் ஷேர் ஆட்டோ. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து கட்டணம் இல்லை, அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு 2022லிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது, எல்லாம் நல்ல திட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் வராத பஸ்ஸில் இலவசமாக எப்படிப் போவது? அந்த ஆயிரமும் ஆட்டோவுக்குத்தான் போகிறது.

எங்கள் மகளிர் குழுவிலும் வந்து பேசி, பஸ் கேட்கும் மனுவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989இல் ஆரம்பித்ததே அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான், அப்போது கிருஷ்ணகிரியும் அதற்குள் இருந்தது. கையெழுத்துப் போட எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திங்கட்கிழமை மனு நாளில் மூன்று தடவை கொடுத்தாயிற்று. ரசீது இருக்கிறது. "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலும் இருக்கிறது.

அவள் கேட்பது ஒரு நடைதான். கல்லூரி விட்டு வரும் பிள்ளைகள் தேன்கனிக்கோட்டையில் இறங்கிய பிறகு புறப்படுகிற மாதிரி ஒரு பஸ், அவ்வளவே.

ஐயா, முடிந்தால் ஒருநாள் சாயங்காலம் உங்கள் நிருபரைத் தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புங்கள். படம் எடுப்பதானால் அந்தப் பிள்ளைகளை முதுகுப் பக்கமாக எடுக்கச் சொல்லுங்கள். முகம் பேப்பரில் வந்துவிட்டால் அதையே சாக்காக வைத்து வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அம்மா,
அஞ்செட்டி, கிருஷ்ணகிரி மாவட்டம்