சத்தத்தைக் கேட்டுச் சொல்லு, தம்பி

அம்மாப்பேட்டை, சேலம்
ஞாயிறு ராத்திரி

அன்புத் தம்பிக்கு,

அம்மா எழுதறேன். நாளைக்குக் காலைல ஏற்காடு வர்ற காய்கறி வண்டியில இந்தக் கடுதாசியும் ஒரு துணிப்பையும் வரும். பையில அப்பாவோட மீட்டர், ஜம்பர் கேபிள், உப்புத்தாள், வாசலின் டப்பா, புதுசா ஒரு எர்த் பட்டை எல்லாம் இருக்கு. கடிதத்தை முழுசாப் படிச்சுட்டு அப்புறம் பையைப் பிரி.

நேத்துப் போன்ல பேச்சு அறுந்து அறுந்து போச்சு, நீயும் அவசரத்துல இருந்தே. "சாவி திருப்பினா வண்டி செல்ஃப் எடுக்கலை, தினமும் சரிவுல உருட்டித்தாம்மா ஸ்டார்ட் பண்றேன், ஒண்ணும் பயமில்லை"ன்னு சொன்னே பாரு, அதுலருந்து எனக்குத் தூக்கமே இல்லை. எஞ்சின் ஓடினாத்தான் பிரேக்குக்கு வேக்கம், அதான் பெடலை லேசாக்குற காத்து உறிஞ்சுற இழுப்பு, கிடைக்கும். எஞ்சின் நின்ன வண்டியில ரெண்டு, மூணு தடவை மிதிச்சதும் இருக்கிற வேக்கம் தீர்ந்து பெடல் கல்லு மாதிரி இறுகிடும். உன் பலத்துக்கு மிதிச்சாலும் லோடு வண்டி சட்டுனு நிக்காது. பவர் ஸ்டீயரிங்கும் அப்படித்தான், கை ஒடியற கனமாயிடும். நாகலூர் சரிவு உனக்குப் பழகின சரிவுதான். ஆனா காப்பிக்கொட்டை மூட்டையோட, பனி மூடின விடிகாலையில, கியர் விட்டும் எஞ்சின் பிடிக்கலைன்னா என்ன பண்ணுவே? எதிர்ல எஸ்டேட்டுக்குப் போற பொம்பளைங்க நடந்து வருவாங்க. நான் சொல்றதைக் கேளு சாமி, இனிமே உருட்டாதே. சரியாகுற வரைக்கும் வண்டியைச் சமதளத்துல நிறுத்தி வை.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான் ஆகுது. குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இல்லேன்னா இந்நேரம் பஸ் ஏறியிருப்பார். அதனால நான் எழுதறேன். 20 வருஷமா அந்த வண்டிக்கு அடியில அப்பா படுத்திருப்பார், நான் சாவியில உக்காந்திருப்பேன். "அடி"ம்பார், திருப்புவேன். "விடு"ம்பார், விடுவேன். நான் ஸ்பேனர் பிடிச்சதில்லை, ஆனா காது நல்லாப் பழகியிருக்கு.

சாவியைத் திருப்பினதும் "டகடகடக"ன்னு வேகமா அடிச்சா பேட்டரி இறங்கியிருக்கு, இல்லை டெர்மினல் லூசா இருக்கு. சத்தமே இல்லாம ஊமையா இருந்தா சாவியிலருந்து எஞ்சினைச் சுத்தி எழுப்புற செல்ஃப் மோட்டாருக்குப் போற சின்ன வயர், ஃபியூஸ், ரிலே, இல்லை சாவி சுவிட்சையே பார்க்கணும். "விர்ர்"னு மோட்டார் மட்டும் சுத்தி எஞ்சின் அசையலைன்னா மோட்டாரை எஞ்சினோட கோக்குற பெண்டிக்ஸ் பல்லு பிடிக்கலைன்னு அர்த்தம். உனக்கு வர்றது ஒரே ஒரு "டக்". சாவி சொன்னது செல்ஃப் வரைக்கும் போயிடுச்சு, ஆனா மோட்டாரைச் சுத்த வைக்கிற கரண்ட் சரியாப் பாயல. எஞ்சினே சுத்தாதபோது டீசல் ஃபில்டரைக் கழட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஹெட்லைட் பளிச்சுனு எரியுது, அதனால பேட்டரியில குறை இல்லைன்னு சொன்னே. ஹெட்லைட் பல்பு ஒண்ணு இழுக்கிறது 5 ஆம்பியர் பக்கம்தான் இருக்கும். டீசல் எஞ்சினைச் சுத்த செல்ஃப் மோட்டாருக்கு நூத்துக்கணக்குல ஆம்பியர் வேணும். நாலு இழை மிஞ்சின வயர்ல லைட் எரியும், செல்ஃப் எடுக்காது.

பேட்டரி மாத்தியாச்சு, அடுத்து செல்ஃப் மோட்டாரையும் மாத்தணும்னு ஒர்க்‌ஷாப்ல சொன்னாங்கன்னே. மீட்டர் வெச்சுப் பார்த்தாங்களான்னு கேட்டேன், இல்லைன்னே. எனக்கு மனசு ஆறல. நீ ஒரு சீசன் உழைச்சுச் சேர்த்த காசு, ஊகத்துல போகக் கூடாது.

ரெண்டு வாரம் முந்தி ஆக்சிலேட்டர் இறுக்கமா இருக்குன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா? அதை நீ வேற கதைன்னு விட்டுட்டே. எனக்கு நேத்து ராத்திரிதான் பொறி தட்டுச்சு. 2013 மே மாசம், சேர்வராயன் கோயில் திருவிழா முடிஞ்சு கிளம்பறப்ப வண்டி "டக்"னு நின்னுபோச்சு. நீ எட்டாவது படிச்சிட்டிருந்தே, பின்னாடி சாக்கு மேல தூங்கிட்டே. அப்பா "அடி, அடி"ன்னு சொல்லச் சொல்ல நான் திருப்பினேன். பிளாஸ்டிக் கருகுற வாடை வந்துச்சு. இறங்கிப் போய் டார்ச் அடிச்சா, ஆக்சிலேட்டர் கேபிளோட கருப்பு உறை மெழுகு மாதிரி இளகி வளைஞ்சு நிக்குது. தொட்டேன், விரல் சுட்டுடுச்சு. அதைப் பார்த்ததுமே அப்பாவுக்கு விளங்கிடுச்சு.

பிளஸ்லருந்து தடி வயர் வழியா செல்ஃப் மோட்டாருக்குப் போற கரண்ட் மறுபடி மைனஸுக்கு வந்தாகணும். மோட்டார் எஞ்சின்ல முடுக்கியிருக்கு. எஞ்சினோ ரப்பர் மவுண்டிங் மேல உக்காந்திருக்கு, ரப்பர்ல கரண்ட் போகாது. அதுக்காகத்தான் எஞ்சினையும், மைனஸ் கட்டியிருக்கிற சேசிஸையும் (வண்டியோட அடிச்சட்டம்) ஒரு பின்னின செம்புப் பட்டை சேர்க்குது, அதுதான் எர்த் பட்டை. அது அறுந்தா கரண்ட் கிடைச்ச வழியில திரும்பும், பாவம் அந்த மெல்லிசு ஆக்சிலேட்டர் கேபிள் அதைத் தாங்கும். அன்னைக்கு அப்பா கழட்டின பட்டை பச்சை பூத்திருந்தாலும் வெளிப்பார்வைக்கு அறாம முழுசாத்தான் தெரிஞ்சுது. விரலால நிமிண்டினதும் இழையெல்லாம் பொடிப்பொடியா உதிர்ந்துபோச்சு. ஜம்பர் கேபிள்ல ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை எஞ்சின்ல ஒரு சுத்தமான போல்ட்லயும் கவ்வ விட்டு, "இப்ப அடி"ன்னார். ஒரே திருப்பு, எஞ்சின் எழுந்துச்சு. நீ அப்பவும் எழுந்திருக்கல.

அதையே இப்ப நீ செஞ்சு பாரு. ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரல்ல வெச்சு, டயருக்குக் கல்லு கொடு. கையில இருக்கிற வெள்ளிக் காப்பைக் கழட்டி வை. பிளஸ்ல ஸ்பேனர் இருக்கிறப்ப காப்பு பாடியைத் தொட்டா மணிக்கட்டே வெந்துடும். முதல்ல மீட்டரை பேட்டரியில வை. ராத்திரி நின்ன வண்டியில 12.6 வோல்ட் பக்கம் காட்டணும், 12க்குக் கீழ இறங்கியிருந்தா சார்ஜ் ஏத்தாம மேல போகாதே. அப்புறம் மீட்டரோட ஒரு முள்ளை பேட்டரி மைனஸ் ஈயக் குமிழ்லயே வை, கிளாம்ப்ல வேண்டாம். இன்னொரு முள்ளை எஞ்சின்ல வெச்சுக்கோ. யாரையாவது சாவி திருப்பச் சொல்லு. அரை வோல்ட்டுக்கு மேல ஏறினா எர்த்துதான் குத்தவாளி. பிளஸ் குமிழுக்கும் செல்ஃப் மோட்டாரோட தடி போல்ட்டுக்கும் நடுவுலயும் இதே மாதிரி பாரு, அங்கயும் அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். ரெண்டு பக்கமும் சுத்தமா இருந்தும் அதே "டக்" வந்தா, அப்பத்தான் செல்ஃபைக் கழட்டணும். அதுவும் அதுக்குள்ள கரண்டைக் கடத்துற கார்பன் பிரஷ், சொலினாய்டு காண்டாக்டை ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்டக் காட்டாம முழு மோட்டாருக்குப் பணம் எண்ணாதே.

பட்டை மாத்துறப்ப மைனஸை முதல்ல கழட்டி, கடைசியா மாட்டு. சேசிஸ்ல பட்டை உக்கார்ற இடத்துல பெயிண்ட், துரு எல்லாத்தையும் இரும்பு மின்னுற வரைக்கும் உப்புத்தாள்ல தேய். டெர்மினல்ல வெள்ளையாப் பூத்திருந்தா ஆப்பசோடா கரைச்ச தண்ணி ஊத்திக் கழுவு, பேட்டரி மூடிக்குள்ள மட்டும் போயிடக் கூடாது. காஞ்சதும் முடுக்கி, மேல வாசலின் தடவு. ஆக்சிலேட்டர் கேபிளையும் மறக்காம மாத்திடு. உள்ள உருகியிருந்தா ஒருநாள் அமுக்கினபடியே மாட்டிக்கும், 20 கொண்டை ஊசி வளைவுல எதுல மாட்டும்னு யாரு கண்டா.

பையோட அடியில எள்ளுருண்டை இருக்கு. வேலை முடிஞ்சு கை கழுவிட்டுச் சாப்பிடு.

முடிச்சதும் மேட்டுல சிக்னல் வர்ற இடத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்து. எஞ்சினை அணைச்சுட்டு எனக்குப் போன் போடு. பேனட்டைத் திறந்து பக்கத்துல போனை வெச்சுட்டுச் சாவியைத் திருப்பு. அப்பாவும் நானும் இங்க ஸ்பீக்கர்ல போட்டுக் கேக்கறோம்.

உன் அம்மா