உன் வண்டியை ஏன் இன்னும் விற்கவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ கையொப்பமிட்டு அனுப்பிய 29, 30 ஆம் எண் படிவங்கள் (வண்டியின் உரிமையை மாற்றுவதற்கானவை) போன மாதமே வந்து சேர்ந்தன. அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தரகர் வந்து, போர்ட்டிகோவில் நின்ற உன் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக்கை இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு 85,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். "ஏன்ப்பா இன்னும் முடிக்கல?" என்று நீ மூன்று முறை கேட்டும் நான் பேச்சை மாற்றியதற்குக் காரணம் இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். சென்ற வாரக் கடைசியில் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு, ஓசூருக்கு அப்பால் நடந்த இரண்டு நாள் ஆஃப்ரோடு பயிற்சிக்கு, அதாவது சாலையில்லாத கரடுமுரடான நிலத்தில் வண்டி ஓட்டும் பயிற்சிக்குப் போய் வந்தேன்.

விற்பதற்கு முன் ஓடும் நிலைக்குக் கொண்டுவருவோம் என்றுதான் முதலில் உறையை நீக்கினேன். பேட்டரி உயிரற்றுக் கிடந்தது. நான் ஓட்டிப் பழகிய பழைய புல்லட்டாக இருந்தால் நாலு உதை உதைத்துக் கிளப்பியிருப்பேன். இதற்கு உதைப்பானே கிடையாது, தள்ளிக் கிளப்பலாம் என்றாலும், பெட்ரோலைப் பீய்ச்சும் பம்ப்புக்கே மின்சாரம் வேண்டும் என்பதால் அடியோடு இறங்கிப்போன பேட்டரியோடு அதுவும் நடக்காது. புது பேட்டரி போட்டேன். பிரேக் ஆயில் காப்பித் தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவனே அதை மாற்றாமல் விட்டிருக்கிறேன். டயரின் பக்கவாட்டில் 0619 என்று இருந்தது. 2019 ஆம் ஆண்டின் ஆறாவது வாரத்தில் செய்தது என்று அதற்குப் பொருளாம். தரையைப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டன்கள் தேயவில்லை, ஆனால் ரப்பர் இறுகி நகம் பதியாத அளவுக்கு ஆகிவிட்டிருந்தது. இவையெல்லாம் வண்டியின் குற்றம் அல்ல, நிறுத்திப்போட்ட என் குற்றம். மெக்கானிக் தம்பி ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார். இறுக்கமானது கணீரென்றும் தளர்ந்தது மொத்தென்றும் ஒலித்தது. பின்சக்கரத்தில் நான்கு மொத்தென்றன. பயிற்சியைப் பற்றிச் சொன்னவரும் அவரே. அம்மாவிடம் தருமபுரியில் ஒரு பழைய மாணவன் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். (திரும்பி வந்த அன்றே உண்மையைச் சொல்லிவிட்டேன். நீயும் அதைக் கிளறாதே.)

தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்கு நடுவே ஏறி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆயிற்று. வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அந்த நெடுஞ்சாலையில் இந்த வண்டி எல்லோருக்கும் வழிவிட்டு ஓரமாகப் போகும் வண்டி. 411 சிசி, 24 குதிரைத்திறனுக்குச் சற்று மேல், எடையோ ஏறக்குறைய 190 கிலோ. ஆனால் அதன் இழுவிசை முழுவதும் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கிறது. அதன் அருமை மறுநாள்தான் எனக்குப் புரிந்தது.

பயிற்சி நடந்தது தைலமரத் தோப்பை ஒட்டிய செம்மண் நிலத்தில். வந்தவர்கள் ஒன்பது பேர். புது ஹிமாலயன் 450 மூன்று, எக்ஸ்பல்ஸ் நான்கு, கேடிஎம் ஒன்று, பிறகு நம் பழசு. வண்டியிலும் வயதிலும் நாங்களே மூத்தவர்கள். பயிற்சியாளர் உன் வயதுக்காரர், கன்னடம் கலந்த தமிழ் பேசுகிறவர், என்னை முதலிலிருந்து கடைசிவரை அங்கிள் என்றே அழைத்தார். கண்ணாடிகளைக் கழற்றச் சொன்னார். டயர்க் காற்றை இருபதுக்குப் பக்கமாக இறக்கினார். அதற்குக் கீழே போனால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கிப் பஞ்சராகுமாம். கிளட்ச், பிரேக் லீவர்களைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைச் சற்றுத் தளர்த்திவைத்தார். இறுக்கமாக இருந்தால் விழும்போது லீவர் முறியும், தளர்வாக இருந்தால் திரும்பிக்கொள்ளும். விழுந்தால் என்று அவர் சொல்லவில்லை, விழும்போது என்றார். அது என் காதில் உறுத்திற்று.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை இந்தக் கடிதம் எழுதவைத்தது. ஒருவரும் இன்னும் வண்டியைக் கிளப்பவே இல்லை. அதற்குள் எல்லா வண்டிகளையும் இடப்பக்கமாக மெல்லப் படுக்கவைத்துவிட்டு, "தூக்குங்க" என்றார். நான் ஹேண்டில்பாரை இரு கைகளாலும் பற்றி இழுத்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். முறை வேறு. ஹேண்டில்பாரைத் தரைப் பக்கமாக முழுவதும் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் பிட்டத்தைப் பதித்துக் குந்தி, ஒரு கையில் கைப்பிடியையும் மறு கையில் பின்கம்பியையும் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் கால்களால் பின்னோக்கிச் சிறு சிறு அடியாக நடந்தால் வண்டி எழுந்து நிற்கிறது. வலப்பக்கம் விழுந்ததாக இருந்தால் முதலிலேயே சைடு ஸ்டாண்டை விரித்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போய் விழும்.

2020 பொங்கலுக்கு முன்பு ஏற்காட்டிலிருந்து முழங்கை சிராய்த்து, கிளட்ச் லீவர் வளைந்த நிலையில் நீ வந்து நின்றது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. மண் சாலையில் விழுந்ததாகச் சொன்னாய். நான் எதுவும் கேட்காமல் சாவியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒரு மாதம் கொடுக்கவில்லை. ஐம்பது கிலோ இருந்த நீ, துணைக்கு ஆளில்லாத அந்தப் பாதையில் 190 கிலோ வண்டியை எப்படி நிமிர்த்தினாய் என்று கேட்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. இப்போது கேட்கிறேன், பாப்பா. இந்த முறையை உனக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, நீயாகக் கண்டுபிடித்தாயா? நான் இரண்டு நாளில் ஏழு முறை விழுந்தேன். ஐந்து முறை தனியாகத் தூக்கினேன். இரண்டு முறை பக்கத்திலிருந்த பையன்கள் வந்து கைகொடுத்தார்கள்.

முப்பத்தொரு ஆண்டு இயற்பியல் நடத்திய வாய் சும்மா இருக்குமா? ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று ஓட்டினால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கும் என்று அந்தத் தம்பி சொன்னதும் குறுக்கிட்டுவிட்டேன். உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றால் அவருடைய உடம்பின் ஈர்ப்பு மையம் மேலே போகுமே ஒழிய எப்படிக் கீழே இறங்கும்? மாறுவது வேறொன்று. உட்கார்ந்திருக்கும்போது ஆளும் வண்டியும் ஒரே கட்டையாகக் குலுங்குகிறார்கள். நிற்கும்போது முழங்கால்கள் சஸ்பென்ஷனைப் போல மடங்கி நீள்வதால், அடியில் வண்டி தன்போக்கில் ஆடினாலும் மேலே உடம்பு ஆடாமல் போகிறது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரெக்ட் அங்கிள், ஆனா நின்னு ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். அரைமணியில் தொடை நடுங்கியது. கைப்பிடியை இறுக்குவதை நிறுத்தி முழங்கால்களால் டேங்கைப் பிடித்த பிறகே நடுக்கம் குறைந்தது.

பிரேக் பாடத்தில் தோற்றது நான். உருளும் சக்கரத்துக்கு நிலை உராய்வு, பூட்டிக்கொண்டு வழுக்கும் சக்கரத்துக்கு அதைவிடக் குறைவான இயக்க உராய்வு, ஆகவே சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்தான் சீக்கிரம் நிறுத்தும் என்பது நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய பாடம். தார்ச் சாலையில் அது சரி. சரளைச் சரிவில் இறங்கும்போது பின்பிரேக்கை மிதித்தேன். ஏபிஎஸ் மிதியைத் துடிக்கவைத்துவிட்டு வண்டியை விட்டுக்கொடுத்துக்கொண்டே போயிற்று, நான் குறித்த கல்லைத் தாண்டி ஒரு வண்டி நீளம் போய் நின்றேன். நம் வண்டியில் அதை அணைக்கப் பொத்தான் கிடையாது, பிந்தைய ஆண்டுகளில் வந்த ஹிமாலயன்களில்தான் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைக்கும் வசதி உண்டு. ஃபியூஸைக் கழற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் மிதித்தேன். சக்கரம் பூட்டியது, டயருக்கு முன்னால் சரளை குவிந்து தானே ஓர் ஆப்புப்போல் ஆனது, கல்லுக்கு முன்பே நின்றுவிட்டேன். என் பாடத்தில் தரை அசையாத தரை. இங்கே தரையே டயரோடு கூட நகர்ந்துவருகிறது. ஊர் திரும்புவதற்கு முன் ஃபியூஸை மறக்காமல் போட்டேன், மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு அணைந்ததையும் பார்த்தேன், கவலைப்படாதே.

இரண்டாம் நாள் மேட்டில் பாதி ஏறுகையில் எஞ்சின் நின்றுபோனது. முன்பிரேக்கை முழுப் பலத்தோடு பிடித்தும் வண்டி பின்னோக்கி வழுக்கிற்று. மேட்டில் எடை பின்சக்கரத்துக்குப் போய்விடுவதால் முன்சக்கரத்துக்குப் பிடிமானம் இருப்பதில்லை. "கிளட்ச்ச விடுங்க அங்கிள்!" என்று கீழிருந்து கத்தினார். முதல் கியரில் கிளட்ச்சை விட்டதும், நின்றுபோன எஞ்சினே பின்சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிறகு கிளட்ச்சையே பின்பிரேக்காகப் பாவித்து, அரை அடி அரை அடியாகப் பின்னால் இறக்கி, திருப்பி நிறுத்தி, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறினேன். ஏறிவிட்டேன். நடக்கும் வேகத்தில், எஞ்சின் திணறாமல், அந்த ஆறு வயது வண்டி மாட்டைப் போல அடி வைத்து ஏறியதை நீ பார்த்திருக்க வேண்டும்.

வண்டிக்கு ஆன சேதம்: இடது இண்டிகேட்டர் ஒன்று, டேங்க்கின் பக்கக் கம்பியில் கீறல், பிரேக் பெடல் சற்று வளைந்ததை அங்கேயே சுத்தியலால் நிமிர்த்தினோம். எனக்கு இடது தொடையில் தட்டு அளவுக்கு ஒரு கன்றல், அவ்வளவுதான்.

இனி படிவங்களின் செய்தி. வாங்குபவர் பெயர் எழுதும் இடத்தை நீ காலியாக விட்டிருக்கிறாய்; அதில் என் பெயரை எழுதிவைத்திருக்கிறேன், உன் சம்மதம் வந்ததும் ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுப்பேன். தரகர் சொன்ன 85,000-தான் என் விலையும். மகளிடம் பேரம் பேச எனக்கு மனமில்லை என்றாலும் பேட்டரி, இரண்டு டயர், பிரேக் ஆயில் ஆகியவற்றின் செலவைக் கழித்துக்கொண்டுதான் அனுப்புவேன். இரண்டாவது சாவியை எங்கே வைத்தாய்? உன் அலமாரி முழுவதும் தேடிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அதையும், ஏற்காட்டில் வண்டியை எப்படித் தூக்கினாய் என்பதையும் சொல்.

அன்புடன்,
அப்பா